பதினான்கு மில்லிமீட்டர்

கிளைபெடா உலர்துறையில் பிப்ரவரி.
உறைபனி ஒட்டிய ஏணியில் மிக்லே முன்னால் இறங்குகிறாள்.
பின்னால் நான், கையில் எழுதுபலகையும் பென்சிலும்.
இந்தக் குளிரில் பேனா வாய் திறக்காது.

மிக்லே என்றால் எங்கள் மொழியில் மூடுபனி.
இரும்புக்கு ஆகாத பெயரை வைத்துக்கொண்டு
இரும்புக்கு நாடி பிடிக்கிறவள்.

மூன்றாம் தொட்டி, இடப்பக்கம், மேல்தளத்துக்கு நேர் கீழே.
சரக்கில்லாத நாளில் கப்பல் இதில்தான் கடலைக் குடிக்கும்,
சரக்கு வந்ததும் துப்பும்.
இருபத்திரண்டு வருடம்.
நிறைந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை,
பாதி வெறுமையாய் வியர்க்கும் நாட்களில்தான்
உப்பும் காற்றும் ஒரே இலையில் உட்காரும்.

அண்ணாந்து சுத்தியலால் தட்டுகிறாள்.
ணங்.
ணங்.
தொப்.

அடை அடையாய்த் துரு
எங்கள் தோளில் விழுகிறது,
தின்ற இரும்பைவிடப் பருமனாக.
களவாண்டு போனவன்
வீட்டில் மூட்டைகளை விட்டுப் போனதுபோல.

சாக்கட்டியால் ஒரு வட்டம். நடுவே பசை.
கருவியின் நுனியை அழுத்துகிறாள்.
பதினொன்று புள்ளி ஆறு.
எழுதினேன்.
பத்து புள்ளி ஒன்பது.
எழுதினேன்.
பத்து புள்ளி நான்கு.
பிறந்தபோது இந்தத் தகடு பதினான்கு.
வரைபடத்தில் இன்றும் பதினான்குதான்,
காகிதத்துக்குத் துருப் பிடிப்பதில்லை.

வேலைக்கு வந்த புதிதில் கேட்டிருக்கிறேன்:
ஐந்தில் ஒரு பங்கு போனால் நான்கு பங்கு மிச்சம்தானே?
என்னைவிடப் பதினோரு வயது இளையவள்,
சாப்பாட்டு மேசையில்
பால் அட்டைப்பெட்டியின் பக்கம் ஒன்றைக் கத்தரித்தாள்.
இழுத்துப் பார், உன் கணக்கு சரி.
இப்போது இரண்டு ஓரத்தையும் நெருக்கு.
அட்டை முதுகு வளைந்து மடங்கிற்று.
நெருக்கும்போது கனம்
தன்னைத் தானே மும்முறை பெருக்கிக்கொள்ளுமாம்.
ஐந்தில் ஒன்று தேய்ந்தால்
மடங்காமல் தாங்கும் பாரத்தில் பாதி காலி.
அலை கப்பலின் இரு முனையையும் தூக்கி
நடுவே பள்ளம் விடும் நேரத்தில்
மேல்தளம் அப்படித்தான் நெருக்குப்படும்,
அந்த அட்டைபோல.

முதலாளியின் ஆள் லெஃப்தேரிஸ்,
நல்ல மனிதர், எங்களுக்குக் காபி கொண்டுவந்தவர்.
"குழியில் வைத்துக் குழியை அளப்பானேன்?
இரண்டு விரல் தள்ளி வையுங்கள்."
வைத்தாள். பதினொன்று புள்ளி ஏழு.
அதுவும் பொய்யில்லை, அதே தகடு.
"இன்னொன்று."
பதினொன்று புள்ளி ஐந்து.
விதி கேட்பது சராசரி.
அவர் கைப்பேசியில் கூட்டி வகுத்தார்:
பதினொன்று புள்ளி இரண்டு இரண்டு.
எல்லை, பதினொன்று புள்ளி இரண்டு.
மயிரிழையில் ஒரு கப்பல்
இன்னும் இரண்டரை வருடம் ஓடும்.

மிக்லே பதில் சொல்லவில்லை.
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
பற்றுவைப்புத் தையல் ஓரத்தில்
விரலால் தடவித் தடவி ஓரிடத்தில் நின்று
யாரும் கேட்காத ஆறாவது வட்டத்தைப் போட்டாள்.
ஒன்பது புள்ளி எட்டு.

என் பென்சில் முனை ஒடிந்தது.
கத்தியால் சீவும்வரை
லெஃப்தேரிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சீவினேன்.
எழுதினேன்.

விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த துணைமாலுமி ஸுராப்,
பத்தூமிக்காரர்,
இந்தத் தளத்தின் மேல் நடந்து பிஸ்கே கடக்கப்போகிறவர்,
எண் என்னவென்று கேட்கவில்லை.
அவள் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கி
அந்த வட்டத்தின் மேலேயே
இன்னொரு வட்டம் போட்டார், தடிப்பாக.

லெஃப்தேரிஸ் ஏணியேறிப் போனார்.
கீழே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது.
காத்திருந்தோம்.
விளக்குச் சூட்டில் உருகிய துருநீர்
ஒரு சொட்டு
ஒன்பது புள்ளி எட்டின் மேல் விழுந்தது.
துடைத்துப் பார்த்தேன்.
பென்சில் கலையவில்லை.